ஈயச் சொம்பும் இரண்டு ஊக்குகளும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, வழக்கம்போல் வேதியியலில் ஏதேனும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். 'ஈயமும் அதன் கலவைகளும்' என்று தலைப்புக்கூட எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு படித்துப் பார்த்தால், உலோகத்தைப் பற்றி நான்கு வரி இருந்தது. மற்றதெல்லாம் என் அக்காவைப் பற்றி இருந்தது. தலைப்பை அடித்துவிட்டேன். மாணவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமந்தூருக்குப் போயிருந்தேன். அது என் சொந்த ஊர். திண்டிவனத்துக்காரர்களுக்கு அவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர். அவர் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை அப்பொறுப்பில் இருந்தார். வெளியூரில் எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அடுத்த கேள்வி அவரைப் பற்றியதாகவே இருக்கும். அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

அக்கா வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில்தான். அத்தானுக்கு நான்கு காணி நிலம். மல்லாட்டையும் நெல்லும் மாறி மாறிப் பயிர் செய்வார். அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இரண்டு செய்திகள் போதும். ஒன்று, மார்கழி முழுவதும் அவள் வாசலில் போடும் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே அடுத்த தெருப் பெண்கள் வருவார்கள். மற்றொன்று, இரவு படுக்கப் போகுமுன் எரிவாயு அடுப்பின் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் படுக்க மாட்டாள். பார்த்துவிட்டு வருவாள், பாயில் உட்காருவாள், மீண்டும் எழுந்து போவாள். "உங்க அக்காவோட முக்கால பூசை" என்று அத்தான் கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம்.

அக்காவின் மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறாள். அந்த மார்கழியில் விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கென்று அவள் கொண்டுவந்த பொருள்களில் தீப்பெட்டி அளவில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. திறந்தால், ஒவ்வொன்றிலும் பஞ்சின்மேல் ஒரு சேலை ஊக்கு. எங்கள் இளமைக் காலத்தில் பள்ளி ஆசிரியைகள் தோளில் முந்தானையை மடித்துக் குத்திக்கொள்வார்களே, 'புரோச்' என்று, அந்த இனம். ஒன்று வட்டமானது, வட்டம் முழுவதும் ஒரே பின்னல், கயிறு ஒன்று தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது போல் இருந்தது. மற்றொன்றில் மெலிந்து நீண்ட ஒரு விலங்கு, தன் வாலையே தழுவி வளைந்து கிடந்தது. பின்னல் கெல்டிக் மக்களின் பாணி. விலங்கு வைக்கிங் பாணி என்றாள் பெண்.

அக்கா வட்டத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளியா பாப்பா?"

"இல்லம்மா. பியூட்டர்."

"அப்படின்னா?"

பெண் என்னைப் பார்த்தாள். உலோகம் என்றால் விடை சொல்ல வேண்டியவன் நான்தானே. "ஈயம்க்கா" என்றேன்.

"ஈயமா?" என்றாள் அக்கா. பிறகு சிரித்துக்கொண்டே, "ஈயம்னா அடுப்புப் பக்கம் கொண்டு போவக் கூடாது. எனக்குத்தான் அது ஆவாதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து மற்ற ஊக்கைப் பார்ப்பது போல் இருந்துகொண்டேன்.

பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம். இக்காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளீயம் இருக்க, எஞ்சியதாக ஆண்டிமனியும் செம்பும் சேர்ப்பார்கள். வெள்ளீயம் தனியாக இருந்தால் நகத்தால் கீறலாம் என்னும் அளவுக்கு மென்மை. ஆண்டிமனியும் செம்பும் அதற்கு உறுதி தருகின்றன. முற்காலத்தில் காரீயமும் கலந்தார்கள். அது நஞ்சு என்பதால் இப்போது விட்டுவிட்டார்கள். வெள்ளீயம், காரீயம் என்று நம்மவர் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் வைத்திருப்பது தவறு என்று இளமையில் நான் வகுப்பில் சொன்னதுண்டு. இரண்டும் வேறு வேறு தனிமங்கள் அல்லவா! பிறகுதான் தெரிந்தது, உரோமானியர்களும் வெள்ளீயத்தை 'வெள்ளைப் பிளம்பம்' என்றும் காரீயத்தைக் 'கறுப்புப் பிளம்பம்' என்றுமே அழைத்தார்கள் என்று. அதன்பின் நம் முன்னோரைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிபுளூஸ்' என்னும் கடற்பயண நூல், முசிறித் துறைமுகத்தில் வந்திறங்கிய பண்டங்களின் பட்டியலைத் தருகிறது. அதில் செம்பு உண்டு, வெள்ளீயம் உண்டு, காரீயம் உண்டு. கண்ணுக்கு மையாகத் தீட்டும் ஆண்டிமனிக் கல்லும் உண்டு. பியூட்டருக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் ஒரே கப்பலில் வந்திருக்கிறது! நாம் அதை உருக்கி ஊக்குச் செய்யவில்லை, சொம்பு செய்தோம்.

அந்த ஊக்குகளின் வரலாறு எனக்கு அப்போது தெரியாது. பெண் சொன்னதைக் கேட்டு, பிறகு நூல்களில் தேடித் தெரிந்துகொண்டேன். பொத்தானும் கொக்கியும் பெருகாத காலத்தில், குளிர் நாட்டார் தம் போர்வையைத் தோளில் நிறுத்த ஊக்கையே நம்பியிருந்தார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் ஊக்கு, ஓரிடத்தில் வாய் திறந்த வளையமும் நீண்ட ஊசியுமாக இருக்கும். ஊசியைத் துணியில் குத்தி, திறந்த வாய் வழியாக வெளியே விட்டு, வளையத்தைச் சற்றுத் திருப்பிவிட்டால் நழுவாது. வைக்கிங் பெண்களோ ஆமை ஓடு போல் கவிழ்ந்த இரண்டு நீள்வட்ட ஊக்குகளை இரு தோள்களிலும் அணிந்து, மேலாடையின் வார்களை அவற்றில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையே பாசிமணிச் சரம் தொங்கும். அவர்களுடைய கல்லறைகளைத் தோண்டும்போது இவை இணை இணையாகவே கிடைக்கின்றன.

செல்வர்களுக்கு வெள்ளி, பொன், நடுத்தரத்தாருக்கு வெண்கலம், அதுவும் இயலாதவர்களுக்கு ஈயக் கலவை. உலகம் எங்கும் இதே வரிசைதான் போலும். 1838ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துச் சீப்சைடு பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து பியூட்டர் ஊக்குகளும் மோதிரங்களும் மணிகளும் குவியலாகக் கிடைத்தன. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. யாரோ ஒரு கடைக்காரனின் சரக்காக இருக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளி வாங்க இயலாத பெண்கள், வெள்ளி போலத் தோன்றும் ஒன்றை வாங்கத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று நாம் சொல்கிறோமே, அந்த ஏளனத்தை அந்த ஊர் ஈயமும் பட்டிருக்கும்.

நூல்களில் கண்டவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது ஹன்டர்ஸ்டன் ஊக்கு என்பது. அது ஏழை ஊக்கு அன்று. வெள்ளியில் செய்து பொன்னிழை பதித்தது. ஏறத்தாழ கி.பி. 700இல் செய்யப்பட்டது. எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கா மகள் நேரில் பார்த்திருக்கிறாள். அதன் பின்புறத்தில், செய்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, யாரோ வைக்கிங் எழுத்துகளால் கீறி வைத்திருக்கிறார்கள். கீறியது என்ன தெரியுமா? இந்த ஊக்கு மேல்பிரிக்தாவுக்கு உரியது என்பதுதான். எழுத்து வைக்கிங் எழுத்து. பெயரோ கெல்டிக் பெயர். இரண்டு இனத்தாரும் வாளெடுத்துப் போரிட்டார்கள் என்று பாட நூல்கள் சொல்லும். ஊக்கின் முதுகு வேறொரு செய்தியும் சொல்கிறது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் வீட்டுப் பாத்திரங்கள். எவர்சில்வர் கடையில் பாத்திரம் வாங்கினால் 'பெயர் வெட்டணுமா?' என்று கேட்பார்கள். திருமணத்துக்கு வரும் குடம் முதல் கரண்டி வரை பெயர் வெட்டாமல் நம் பெண்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. ஒரு பொருள் எனது என்று சொல்லிக்கொள்ள மனிதர்க்கு எவ்வளவு ஆசை!

என் அம்மாவின் ஈயச் சொம்பிலும் பெயர் இருந்தது.

அம்மா கும்பகோணத்துப் பக்கத்தவர். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியராக எங்கள் பகுதிக்கு வந்து, ஓமந்தூரிலேயே வீடு கட்டித் தங்கியவர். அம்மா புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த சீரில் ஈயச் சொம்பு ஒன்று. தஞ்சைப் பக்கத்தில் அது இல்லாமல் இரசம் இல்லை. தூய வெள்ளீயத்தால் செய்து, சுத்தியால் தட்டித் தட்டி உருவாக்கியது. உடலெல்லாம் சிறு சிறு குழிகளாக இருக்கும். வாய் விளிம்பில் அம்மாவின் பெயரைப் பாட்டி ஆணியால் கீறி எழுதியிருந்தார். எங்கள் தெருவில் வேறு எவர் வீட்டிலும் அத்தகைய சொம்பு கிடையாது. அண்டை வீட்டார், "வாத்தியார் ஊட்டு ரசம்" என்று கிண்ணம் நீட்டி வாங்கிப் போவார்கள்.

ஈயச் சொம்பை அடுப்பில் வைப்பதற்கு ஒரே ஒரு விதி உண்டு. உள்ளே நீர் இருக்க வேண்டும். நீர் 100 பாகையில் கொதிக்கும். நீர் இருக்கும் வரை சொம்பின் வெப்பம் அதை மிகுதியாகத் தாண்டாது. நீர் வற்றினால் தடுப்பார் இல்லை. வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும். சாதாரணத் திரி அடுப்பின் சுடர் அதைப்போல் பல மடங்கு சூடு. இதை இன்று நான் கரும்பலகையில் எழுதுகிறேன். அன்று அம்மா, "வெறும் சொம்ப அடுப்புல வச்சா அழுதுடும்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

1978ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அக்கா பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி வகுப்புகள் தொடங்கவிருந்த ஆண்டு அது. பதினொன்றாம் வகுப்புக்கு அக்காவைத் திண்டிவனத்துக்கு அனுப்புவதா என்ற பேச்சு நாள்தோறும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அனுப்ப விருப்பம். வயது வந்த பெண் தினமும் பேருந்தில் போய் வருவதா என்று அம்மாவுக்குத் தயக்கம்.

அன்று அம்மா திண்டிவனத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். நண்பகலில் அக்கா சொம்பிலிருந்த இரசத்தைச் சூடாக்கி எனக்குச் சோறு போட்டாள். சொம்பை இறக்கித் தரையில் வைத்தாள், அடுப்பை அணைத்தாள். பிறகு கோல நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இவை அனைத்தும் எனக்குப் படம் போல் நினைவிருக்கின்றன.

சொம்பின் அடியில் ஒரு கை இரசம் மிச்சம் இருந்தது. அதைக் குடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆறியிருந்ததால் அடுப்பைப் பற்றவைத்துச் சொம்பை அதன்மேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. டூரிங் கொட்டகை மாட்டு வண்டி! இருபுறமும் படத் தட்டி கட்டி, பச்சையும் சிவப்புமாக நோட்டீசு வீசிக்கொண்டு போகும் வண்டி. அதன் பின்னே ஓடாத சிறுவன் அக்காலத்தில் எவன் இருந்தான்? நானும் ஓடினேன். ஊர்க் கோடி வரை ஓடி, ஏழு நோட்டீசு பொறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

அடுப்படியில் சொம்பு இருந்தது, ஆனால் உட்கார்ந்துவிட்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நின்றிருந்த ஒருவர் மயங்கி உட்காருவது போல் ஒருபுறமாகச் சரிந்து, அடி காணாமல் போய், பாதரசம் போலப் பளபளவென்று சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயர் எழுதிய விளிம்பும் உள்ளே கவிழ்ந்து கரைந்தது. அடுப்பை அணைத்தேன். நோட்டீசுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன்.

மாலையில் அம்மா வந்து பார்த்தார். "யாரு வச்சது?" என்று கேட்டார். உரத்த குரலில்கூட அன்று.

"அக்காதான் ரசம் சுட வச்சா" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதினொரு வயதில் அவ்வளவு திறமை.

அக்கா என்னைப் பார்த்தாள். "எறக்கி வச்ச மாதிரிதாம்மா ஞாபகம்..." என்று தொடங்கினாள். "ஞாபகமா? கோலம் போடறதுல இருக்கிற புத்தி அடுப்புல இருந்தாத்தானே" என்றார் அம்மா. அக்கா அதற்குமேல் பேசவில்லை. அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை யாரும். அம்மா ஈயத்தைச் சுரண்டி எடுத்து, ஒரு பழந்துணியில் முடிந்து பரண்மேல் வைத்தார்.

ஜூன் மாதம் அக்கா பள்ளிக்குப் போகவில்லை. சொம்பு ஒன்றினால்தான் அவள் படிப்பு நின்றது என்று சொன்னால் அது மிகை. பேருந்துத் தயக்கம் இருந்தது. பணத் தட்டுப்பாடும் இருந்தது. ஆனால் அப்பா அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அம்மா சொன்ன மறுமொழி எனக்குத் தெரியும். "மொதல்ல வீட்டுப் பொறுப்பு கத்துக்கட்டும், ஒரு சொம்பப் பாத்துக்கத் தெரியல." அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அப்பாவின் வாதம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். அதற்கடுத்த ஆண்டு, 1980இல், திருமணம் ஆயிற்று.

அந்த ஈயம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஊருக்கு வருவார். வேப்ப மரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பொருத்திக் கரியைக் கனல வைப்பார். பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்ப்பார். குப்பென்று வெண்புகை எழும். கறுத்திருந்த பாத்திரத்தின் வயிறு நிலவு போல் வெளுத்துவிடும். எனக்கு வேதியியல் ஆசை பிறந்த இடம் அந்த வேப்ப மரத்தடிதான்; கல்லூரி ஆய்வகம் அன்று.

அம்மா துணி முடிச்சை அவரிடம் கொடுத்தார். அவர் அதில் தகடாக உறைந்திருந்த ஒரு துண்டைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்தார். "நல்ல வெள்ளீயம்மா. அழுவுது கேளுங்க" என்றார். எனக்கும் காட்டினார். வளைக்கும்போது கிறீச் கிறீச்சென்று மெல்லிய ஒலி. உள்ளே படிகங்கள் ஒன்றோடொன்று நெரிபடுவதால் எழும் ஒலி அது. ஆங்கில நூல்களிலும் அதற்கு 'ஈயத்தின் அழுகை' என்றே பெயர் என்பதைப் பின்னாளில் படித்தேன். காரீயம் அழாது, அதனால் கலப்படத்தைக் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். அன்று எங்கள் பாத்திரங்களுக்கும் அண்டை வீடுகள் மூன்றின் பாத்திரங்களுக்கும் அம்மாவின் சொம்புதான் பூச்சாகப் போயிற்று. தம் வீட்டு ஈயத்தை அண்டை வீட்டாருக்கு இலவசமாகப் பூசச் சொன்னதில் அம்மாவின் பெருந்தன்மை தெரிந்தது. அவருடைய பெயர் தெருவெங்கும் பரவியதும், எதிலும் படிக்க முடியாமல் போனதும் எனக்கு மட்டும் தெரிந்தது.

மார்கழிக்கு வருகிறேன். மாலை நான்கு மணி இருக்கும். அத்தான் கழனிக்குப் போயிருந்தார்; பெண் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா முற்றத்தில் கோலமாவுக் கிண்ணத்துடன் உட்கார்ந்து, வட்ட ஊக்கை எதிரில் வைத்துக்கொண்டு அதைத் தரையில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை வாசலில் போட வேண்டுமாம்.

"இது நம்ம நெளிக்கோலந்தான்டா தம்பி. புள்ளிய அழிச்சிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு வியப்பு. கெல்டிக் முடிச்சுகளை ஆராய்ந்த ரொமிலி ஆலன் என்பவர், அவை எளிய பின்னலை அங்கங்கே துண்டித்து வளைத்ததால் உண்டானவை என்று 1904இல் ஒரு நூலில் விளக்கிக் காட்டினார். இங்கே தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் நம் கோலத்தைக் கணித இலக்கணமாக எழுதி 1974இல் வெளியிட்டார்கள். அவ்வளவையும் அக்கா ஊக்கைப் பார்த்த சிறிது நேரத்தில் சொல்லிவிட்டாள்.

ஆனால் ஓரிடத்தில் அவள் கை நின்றது. "ஒண்ணு மட்டும் வேற. நம்ம கோலத்துல இழை குறுக்க போனா போனதுதான். மேல கீழ கெடையாது. இதுல பாரு, ஒரு எடத்துல மேல போவுது, அடுத்த எடத்துல கீழ நுழையுது. மாவுல எப்படிக் காட்டறது?" என்றாள். பார்த்தேன். உண்மைதான். ஒரு முறை மேல், ஒரு முறை கீழ்; எங்கும் தவறவில்லை. கீழே போகும் இழையை அவ்விடத்தில் சற்று விட்டுவிட்டால் போதும் என்றேன். விட்டுப் பார்த்தாள். கோலம் சட்டென்று கயிறாகிவிட்டது. சிறு பெண் போல மகிழ்ந்தாள்.

இந்தத் தலையைத்தான் பதினொன்றாம் வகுப்புக்கு அனுப்பாமல் விட்டோம் என்ற எண்ணம் வந்தது. நான் தினமும் பார்க்கிறேன்; ஓமந்தூரிலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் எத்தனை பெண்கள் பேருந்தில் வந்து என் வகுப்பில் உட்காருகிறார்கள்! அவர்களில் எவளாவது கணக்கைச் சட்டென்று போட்டுவிட்டால் எனக்கு ஒரு கணம் குரல் தடுமாறும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"அக்கா, அந்தச் சொம்ப அடுப்புல வச்சது நான்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. விரலிடுக்கிலிருந்து மாவு ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எந்தச் சொம்பு?" என்றாள். பிறகு, "அம்மாவோட சொம்பா?"

"நீ எறக்கி வச்சிட்டு, அடுப்ப அணைச்சிட்டுத்தான் போன. நான் மறுபடி பத்த வச்சேன்."

நெடுநேரம் பேசாமல் இருந்தாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றேன். உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். தம்பிக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று ஒரு கதையை எனக்குள் கட்டி, அதில் அவளைத் தெய்வமாக்கி, அந்த நிழலில் இத்தனை ஆண்டுகள் வசதியாக இருந்துவிட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "எறக்கி வச்ச மாதிரிதான் இருந்திச்சு. நீ சொன்னப்புறம், நாமதான் மறந்துட்டோம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. நாளாவ நாளாவ, நானே திரும்ப அடுப்புல வச்சிட்டுப் போன மாதிரி எனக்கே ஞாபகம் வந்திருச்சு. வச்ச கை கூட நெனப்புல இருக்கு." தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். கையெல்லாம் கோலமாவு. "அம்மா தெரியாமலே போயிட்டாங்க."

அதற்கு நான் என்ன சொல்ல? மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அறுபது வயதை நெருங்கும் தம்பி அறுபதைத் தாண்டிய அக்காவிடம் அதைச் சொல்வது நாடகம் போல் இருக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றும் எனக்கு ஐயம்தான். அவள் மாவு கொட்டிக் குவிந்த இடத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, அவ்விடத்து வளைவை மறுபடி போட்டாள்.

இரவு உணவின்போது என்னோடு மிகுதியாகப் பேசவில்லை. "ரசம் ஊத்தட்டா?" என்று மட்டும் கேட்டாள். எவர்சில்வர் பாத்திரத்து இரசம், நன்றாகவே இருந்தது. ஊக்கைச் சேலையில் குத்திப் பார்க்கும்படி பெண் வற்புறுத்தினாள். குத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒரு நொடி நின்றாள். பிறகு கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலமாரியின் மேல் தட்டில், அடுப்படிக்கு எதிர்ப்புறமாக வைத்தாள். கடைசிப் பேருந்து போய்விட்டதால் நான் அங்கேயே தங்கினேன்.

கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். உறக்கம் வரவில்லை. சமையலறை விளக்கு எரிந்தது. அடுப்புக் குமிழ் திரும்பும் சிறு ஓசை கேட்டது. விளக்கு அணைந்தது, அக்கா வந்து பாயில் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சிறிது நேரம் கழித்து அவள் எழுந்திருக்கும் வளையல் ஒலி கேட்டது. சமையலறை விளக்கு மீண்டும் எரிந்தது.